விடற வார்த்தை

நீங்க எத்தனையாவது ஊசிங்க? ரெண்டா? எனக்கு இன்னிக்கு மூணாவது. இதுக்கு மேல ஒண்ணு பாக்கி இருக்குது. உக்காருங்க. அந்தப் பக்கம் பெஞ்சு ஆடும், இக்கட்ட வாங்க. கால்லீங்களா? அட கெரகமே, கெண்டைச்சதையிலயே வாங்கியிருக்கறீங்க. தெரு நாயா? பால் ஊத்தப் போன எடத்துலயா? அதுக்கென்னங்க, தெரு நாய் கடிச்சா நாலு பேருகிட்டச் சொல்லிக்கலாம். கேக்கறவன் உச்சுக்கொட்டுவான், கூட சேந்து கவுன்சிலரத் திட்டுவான். எம்பட கடி வெளிய சொல்ற கடி இல்லீங்க.

வீட்டு நாய். நான் வாங்கி, நான் பேரு வெச்சு, எப்பிடிக் கடிக்கறதுன்னு நானே கத்துக்குடுத்த நாய். சிரிப்பு வருதில்ல? சிரிங்க, பரவால்ல. ஒரு வாரமா எல்லாரும் சிரிக்கறாங்க. பாருங்க, வலது கை. மெஸ்ஸுல கரண்டியில சோறு திங்கறேன். பக்கத்து எலைக்காரன் என்னைய ஏதோ வெளிநாட்டுக்காரனாட்டப் பாக்கறான்.

பேரு அர்த்தநாரிங்க. திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒரு அர்த்தநாரி இருப்பான். போர் போடற ரிக் வண்டியில மானேஜர். வருசத்துல பத்து மாசம் வடக்கதான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கருன்னு வண்டி எங்க போகுதோ அங்க நானும். அங்க மழை புடிச்சா வண்டி ஷெட்டுக்கு வரும், நான் வீட்டுக்கு வருவேன். ரெண்டு மாசம். அவ்வளவுதான் எனக்கும் என் வீட்டுக்கும் ஒறவு.

வீடு ஊருக்குள்ள இல்லீங்க, தோட்டத்துக்குள்ள. பக்கத்து வீடுன்னா ரெண்டு காடு தாண்டோணும். புள்ளை ஒருத்தி, அவ சேலத்துல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கறா. எங்கூட்டுக்காரி பூங்கோதை மட்டும் ஒண்டியா. முந்தின வருசம் அக்கட்டத் தோட்டத்துல தண்ணி கேட்டு வந்தவன் ஒரு அம்மா கழுத்துச் செயின அறுத்துட்டுப் போயிட்டான். வடக்க கூடாரத்துல படுத்துட்டு எனக்கு ஒரே வெசனம். பொண்டாட்டிக்குப் பாதுகாப்பு வேணுமில்லீங்க? அதுக்குத்தான் நாய். இத நல்லா மனசுல வெச்சுக்கங்க. அவளுக்காகத்தான் வாங்குனேன்.

போன வருசம் ஆனியில வந்ததும் சொன்னேன், டாபர்மேன் குட்டி ஒண்ணு வாங்கலாம்னு. சரிங்கன்னா. கெடா குட்டியெல்லாம் போயிருச்சு, பொட்டைதான் இருக்குதுன்னேன். சரிங்கன்னா. பேரு ஜான்சின்னேன். சரிங்க. பதினெட்டு வருசத்துல அவ பேசுனதுல பாதி அந்த ஒரு வார்த்தைதானுங்க. அந்த மாதிரி ஒரு பொம்பளை. குணம்னா குணம்.

குட்டி வந்தப்ப மூணு மாசம். வளத்தறது சும்மாவா? கடிக்கப் பழக்கோணுமில்ல? விசாரிச்சேன். சங்ககிரிப் பக்கம் ஒருத்தரு இருக்காருன்னாங்க, ஞானப்பிரகாசம்னு, போலீசுல நாய்ப் பிரிவுல ஏட்டா இருந்து ரிட்டயர் ஆனவரு. திண்டுக்கல்காரரு. போயிப் பாத்தேன். மனுசன் குட்டியத் தூக்கி, வாயத் தெறந்து பல்லப் பாத்தாரு, கீழ விட்டாரு, ஒரு சாவிக்கொத்தப் பக்கத்துல போட்டுப் பாத்தாரு. குட்டி பயப்படாம மோந்து பாத்துச்சு. "நல்ல குட்டி தம்பி, கெடுத்துறாதீங்க"ன்னாரு. மொதப் பேச்சே அது.

என்ன சொன்னாருன்னா, இப்ப கடிக்கறதுங்கற பேச்சே கூடாதுங்கறாரு. பழைய துண்டு ஒண்ண எடுத்து இழுத்து வெளையாடணுமாம். வெளையாட்டுதான், வேற ஒண்ணுமில்ல. அதுலயும் ஒவ்வொரு தடவையும் குட்டிதான் ஜெயிக்கோணும். நாம விட்டுக்குடுத்தறோணும். அது துண்டத் தூக்கிட்டு ஒரு ரவுண்டு ராஜா மாதிரி வரட்டும்ங்கறாரு. நாலாம் மாசத்துல பால் பல்லு ஆட ஆரம்பிக்கும், அப்ப அந்த இழுக்கறதையும் நிறுத்தோணும். ஈறு வலிக்கும், வலிச்சா துணியக் கண்டாலே பயம் வந்துரும். ஏழு மாசம் ஆகி நெரந்தரப் பல்லு பூரா வந்த பொறவு மெதுவா கைச்சாக்கு, அதான் கையில சாக்கச் சுத்திட்டுக் கடிக்க விடறது. அதுக்குள்ள உக்காரு, வா, இரு, இதெல்லாம் பழகியிருக்கோணும். மெரட்டறது, குச்சி எடுத்துக் கத்தறது, இதெல்லாம் ஒரு வயசு தாண்டி. மனசு முத்தோணுமாம் அதுக்கு.

"அதுக்கு முன்னாடி மெரட்டினா என்ன ஆகும்?"னு கேட்டேன்.

"பயந்த நாய் ஆகும். பயந்த நாய் நுனிப்பல்லால கொத்திட்டு ஓடும், யாரைக் கொத்தும்னு அதுக்கே தெரியாது. தெம்பான நாய் வாய் நிறையப் பிடிச்சுட்டு அமைதியா நிக்கும். உங்களுக்கு எது வேணும்?"

அப்பறம் இன்னும் ரெண்டு சொன்னாரு. ஒண்ணு, கடிக்கக் கத்துக்குடுக்கறதுக்கு முன்னாடி விடறதுக்குக் கத்துக்குடுக்கணும். ரெண்டாவது, திருடனா வர்றவன் வெளியாளா இருக்கோணும். வீட்டாளு எந்தக் காலத்துலயும் அந்த வேசம் போடக்கூடாது. இதச் சொல்றப்ப என்னைய உத்துப் பாத்தாரு. நான் தலையாட்டுனேன்.

தலையாட்டத்தானுங்க முடியும். எனக்கு இருக்கறதே ரெண்டு மாசம். ஒரு வயசு வரைக்கும் பொறுங்கறாரு, அப்ப நான் சத்தீஸ்கர்ல எங்காவது ஆயிரம் அடிக்குக் கீழ பாறையோட மல்லுக்கட்டிட்டு இருப்பேன். நான் இல்லாம இவளா பழக்குவா? சத்தமாப் பேசவே தெரியாதவ? நானே ஆரம்பிச்சுட்டேன். குட்டிக்கு நாலு மாசம், பாதிப் பல்லு ஆடிட்டு இருக்குது.

மொதல்ல வார்த்தை வேணுமில்ல? ரெண்டு வார்த்தை. கடிக்க ஒண்ணு, விட ஒண்ணு. அவ சொன்னா நாய் கேக்கோணும், ஏன்னா அவகூடத்தான நாய் இருக்கப் போகுது. கடிக்கற வார்த்தை வீட்டுல யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லாத வார்த்தையா இருக்கோணும்னு ஏட்டு சொல்லியிருந்தாரு. நான் ஒரு நாள் பூரா யோசிச்சேன். என் வீட்டுல சொல்லாத வார்த்தை எது? டக்குனு தோணுச்சு பாருங்க. போதும். பதினெட்டு வருசத்துல எம்பொண்டாட்டி வாயில போதும்ங்கற வார்த்தை வந்ததே இல்லீங்க. எங்கம்மா படுத்த படுக்கையாக் கெடந்தப்ப மூணு வருசம் எல்லாம் பாத்தா, ஒரு வார்த்தை சொல்லலை. நான் ரெண்டு கெட்ட வார்த்தை சேத்துப் பேசுனாலும் கேட்டுட்டு நிப்பா.

ஏட்டுகிட்ட போன்ல சொன்னேன். "ஏன் தம்பி, போதும்கிறது சோறு போடுறப்ப ஊரே சொல்ற வார்த்தையாச்சே?"ன்னாரு. எங்கூட்டுல அப்பிடி இல்லீங்க ஏட்டையான்னேன். சோறு போடறவ அவ. எனக்குப் போதும்னா கைய எலைக்கு மேல இப்பிடிக் காட்டிருவேன். அவளுக்கு யாரு சோறு போடறா, அவ போதும்னு சொல்றதுக்கு? லைன் கட்டாயிருச்சாக்கும்னு நெனச்சேன்.

விடற வார்த்தைக்குக் கஷ்டமே இல்ல. சரிங்க. அவ நாளுக்கு நூறு தடவை சொல்றதுதான, நாக்குல தயாரா இருக்கும். நல்ல ஏற்பாடு இல்லீங்களா? போதும்னா கடி, சரிங்கன்னா விடு. எனக்கே என் மூளைய நெனச்சுப் பெருமையா இருந்துச்சு.

திருடனுக்கு வெளியாள எங்க போயித் தேடறது? நானே போட்டேன் வேசம். துண்ட மூஞ்சியில கட்டிட்டு, லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு, இடது கையில கோணிச்சாக்கச் சுத்திட்டு, வலது கைய இப்பிடி ஓங்கிட்டு வருவேன். பூங்கோதை கயித்தப் புடிச்சுட்டு வீட்டுக்குப் பின்னால பொடக்காளியில கெணத்து ஓரமா நிப்பா. "எடுடி செயின!"னு கத்திட்டு அவளப் பாத்து வருவேன். கத்தறது எனக்குப் பழக்கந்தானுங்க, நடிக்க வேண்டியதே இல்ல. அவ போதும்னு சொல்லோணும், குட்டி பாஞ்சு சாக்கப் புடிக்கோணும். இதான் பாடம்.

மொத நாள் என்னாச்சு தெரியுமுங்களா? குட்டி அவ சேலைக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்குச்சு. அதாவது பரவால்ல, குட்டி. இவ நடுங்கறா. ஏண்டி, வர்றது நாந்தானே, உனக்கென்ன நடுக்கம்னு கேட்டேன். வாயில வார்த்தை வெளிய வரலை. "போதும்"னு காத்து மாதிரி வருது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "சத்தமாச் சொல்லு! வயித்துல இருந்து வரோணும்! உனக்கே நம்பிக்கை இல்லாமச் சொன்னா நாய் எப்பிடி நம்பும்?" ஒரு வாரம் நாய்க்குப் பாடம் எடுத்தனோ இல்லையோ, அவளுக்கு எடுத்தேன். தெனம் காத்தால அம்பது தடவை சொல்ல வெச்சேன். போதும், போதும், போதும்னு. கடைசில கொஞ்சம் வந்துச்சு. கெணத்துக்குள்ள எதிரொலி கேட்டுச்சுன்னா பாத்துக்கங்க. சபாஷ்ன்னேன்.

குட்டிதான் சரியா வரலை. சாக்கப் புடிக்கும், நான் ஒரு இழு இழுத்தா விட்டுட்டுக் கத்தும். ஏட்டு ஜெயிக்க விடச் சொன்னாரு. அது எனக்கு ஒத்து வரலீங்க. முட்டிக்கால் ஒசரம் இல்லாத ஒரு குட்டிகிட்ட நான் தோத்துட்டு நிக்கோணுமா? ஒரு நாள் நல்லா புடிச்சுது. நானும் வெறியில ஒரே சுண்டு சுண்டுனேன். வீல்னு ஒரு சத்தம். சாக்குல பாத்தா ஒரு பால் பல்லு, அரிசி மாதிரி ஒட்டிட்டு இருக்குது, கூடவே ரத்தம். எப்பிடியும் விழற பல்லுதானேன்னேன். குட்டி கட்டிலுக்கடியில போயிப் படுத்துது, மூணு நாள் வெளிய வரலை. என் செருப்புச் சத்தம் கேட்டா மூத்திரம் போயிருது. பூங்கோதை அந்தப் பல்ல எடுத்துக் கழுவி, சாமி படத்துக்கிட்ட இருக்கற குங்குமச் சிமிழுல போட்டு வெச்சா. எதுக்குடி இதுன்னேன். சும்மாங்கன்னா.

அதோட நாளும் முடிஞ்சுது. வண்டி கெளம்பிருச்சு. போறப்ப சொல்லிட்டுப் போனேன், ஏட்டுகிட்ட வாரா வாரம் குட்டியக் கூட்டிட்டுப் போ, நான் கெடுத்தத அவரு சரி பண்ணட்டும்னு. இல்ல, கெடுத்ததுன்னு சொல்லலை. நான் ஆரம்பிச்சத அவரு முடிக்கட்டும்னு சொன்னேன். சரிங்கன்னா.

பத்து மாசம் போன்லதான் பேச்சு. நாய் எப்பிடி இருக்குதுன்னா, நல்லாருக்குங்கன்னு சொல்லுவா. பாடம் நடக்குதான்னா, நடக்குதுங்க. மொதல்லெல்லாம் பேச்சுக்குப் பேச்சு சரிங்க வரும். போகப் போகக் கொறைஞ்சிருச்சு. நான் ஒண்ணு சொன்னா, "பாக்கலாம்"னா ஒரு நாள். இன்னொரு நாள் "எனக்கு இப்ப வேலை இருக்குது, அப்பறம் பேசறேன்"னா. அங்க சிக்னல் சரியா கெடைக்காதுங்க, அதான் பேச்சு ஒரு மாதிரி வருதுன்னு நானும் விட்டுட்டேன்.

இந்த ஆனியில வந்தேன். கேட்டத் தெறக்கறேன், நாய் நிக்குது. அடேயப்பா! என்ன ஒசரம், என்ன மினுமினுப்பு! கொரைக்கலை. பயந்து ஓடவும் இல்ல. வந்து என் கை ரெண்டையும் மோந்து பாத்துச்சு, மூஞ்சிய நிமுந்து பாத்துச்சு. பூங்கோதை வாசல்ல நின்னுட்டு, "இருக்கட்டும் ஜான்சி"ன்னா. தள்ளி நின்னு வழி விட்டுச்சு. எனக்கு மெய்சிலுத்துப் போச்சு. நான் போட்ட வெதைன்னு ரிக் ஓனருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

ஒரே ஒரு பழக்கந்தான் பிடிக்கலை. நான் எங்க உக்காந்தாலும் எனக்கும் அவளுக்கும் நடுவுல வந்து படுத்துக்கும். கட்டில்ல நான், அடுப்படியில அவ, வாசப்படியில நாய். வெரட்டுனா எந்திரிச்சு அவளப் பாக்கும். அவ ஒண்ணும் சொல்லாட்டி மறுபடியும் அங்கயே படுத்துக்கும்.

நாலாவது நாள். மத்தியானம். குளிச்சுட்டு வந்து உக்காந்தேன், எலை போடலை. என்னடான்னு பாத்தா, வட்டில்ல தயிர்சோறு பெசஞ்சு நாய்க்கு வெக்கறா. அடுப்புல குக்கர் இருக்குது, எனக்கு இன்னும் பருப்பே வேகலை.

"எனக்கு முன்னாடி நாய்க்கா?"ன்னேன்.

"அதுக்கு நேரத்துக்கு வெக்கோணுமுங்க. உங்களுக்குப் பத்து நிமிசத்துல ஆயிரும்"னா.

பத்து நிமிசம். பத்து மாசம் கழிச்சு வந்தவனுக்கு. எந்திரிச்சு அந்த வட்டிலக் காலால ஒரு தள்ளு தள்ளுனேன். தயிர்சோறு சொவுரு பூரா. அவ நிமுந்தா. நிமுந்து என்னையவே பாக்கறா. அப்பிடிப் பாக்கற பழக்கம் அவளுக்குக் கெடையாதுங்க. கை தானா ஓங்கிருச்சு.

அடிக்கலீங்க. ஓங்குனேன். ஓங்கறதுக்கும் அடிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குதில்லீங்க? நீங்களும் குடும்பஸ்தருதானே. முன்ன எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு பட்டிருக்கும், இல்லீங்கல. அது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். அன்னிக்கு ஓங்க மட்டுந்தான் செஞ்சேன்.

நாய் எந்திரிச்சு நின்னுது. பாயலை. அதச் சொல்லோணும், பாயலை. ஓங்குன கையப் பாத்துச்சு, அப்பறம் அவ மூஞ்சியப் பாத்துச்சு. வார்த்தைக்குக் காத்துட்டு நிக்குது. எனக்கு அந்த நேரத்துலயும், அட என்ன அழகாப் பழகியிருக்குதுன்னு ஒரு நெனப்பு ஓடுச்சுங்க, நெசமா.

அவ சொன்னா. "போதும்."

கத்தலீங்க. காத்து மாதிரியும் இல்ல. வயித்துல இருந்து வந்துச்சு, நான் கத்துக்குடுத்த மாதிரியே.

அடுத்த நொடி என் கை அது வாயில. உள்ளங்கைக்கு மேல, இந்தா இந்த எடம். கிழிக்கலை, ஒதறலை, உறுமக்கூட இல்ல. வாய் நெறையப் புடிச்சுட்டு அமைதியா நின்னுது. ஏட்டு சொன்னாரே தெம்பான நாய்னு, அப்பிடியே. டாக்டர்கூடச் சொன்னாரு, நல்ல வேளைங்க, சதை கிழியலை, நாலு பல்லு மட்டும் எறங்கியிருக்குதுன்னு. வலின்னா வலி, உசுரு போகுது. நான் அசைஞ்சா இறுக்குது, அசையாட்டி இறுக்கலை. அதனால அசையாம முட்டி போட்டுட்டேன்.

"சரிங்கன்னு சொல்லுடி!"ன்னு கத்துனேன். அவ சொல்லலை. குக்கர் ஒரு விசில் விட்டுச்சு.

"சொல்லு பூங்கோதை, சரிங்கன்னு சொல்லு, கை போகுது"ன்னேன். பேரு சொல்லிக் கூப்புட்டு எத்தனை வருசமாச்சோ. அவ நின்னுட்டு என்னையவே பாக்கறா. கோவம் இல்லீங்க அந்த மூஞ்சியில. கோவம் இருந்தாப் பரவால்லயே. ரெண்டாவது விசில்.

எனக்கு வேற வழி? நானே நாயப் பாத்துச் சொன்னேன். "சரிங்க." விடலை. "சரிங்க, ஜான்சி, சரிங்க, சரிங்க, சரிங்க..." எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு தெரியலை. அந்த வீட்டுல நான் மொத மொதலா அந்த வார்த்தையச் சொன்னது அன்னிக்குத்தானுங்க. அதுவும் நாய்கிட்ட. அது காதுலயே போட்டுக்கலை.

மூணாவது விசிலு வந்துச்சு. அவ போயி அடுப்ப அணைச்சா. நிதானமாத் திரும்பி வந்தா. "வந்துரு சாமி"ன்னா. டப்புனு விட்டுருச்சு. போயி அவ பக்கத்துல உக்காந்துக்குச்சு. சாமியாம்! என்னைய ஒரு நாள் அப்பிடிக் கூப்புட்டிருப்பாளா?

அப்பறம் கைய வெளிக்கொழாய்ல காட்டச் சொன்னா. சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டா. தடுப்பூசி போட்ட நாய்தான், சர்ட்டிபிகேட் இருக்குது, இருந்தாலும் நீங்களும் ஊசி போட்டுக்கோணும்னு ஏட்டையா சொல்லியிருக்காருன்னு அந்தக் காயிதத்த ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு என் சட்டைப் பையில வெச்சா. ஆட்டோவுக்கும் அவளே போன் பண்ணுனா. ஆட்டோவுல ஏறுனப்பத்தான் பாக்கறேன், என் பையும் அதுல இருக்குது. நான் இன்னும் பிரிச்சுக்கூட வெக்காத பை.

இப்ப ரிக் ஆபீஸ்லதான் படுத்திருக்கேன். புள்ளைக்குப் போன் பண்ணுனேன், அம்மாகிட்டப் பேசுன்னு. எல்லாத்தையும் கேட்டுட்டு அவ என்ன கேக்கறா தெரியுமுங்களா? "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையேப்பா?"ங்கறா. கடி வாங்குனது நானு! ஒரு வார்த்தை கேக்கலை என் கையப் பத்தி. அப்பறம் சொல்றா, "அப்பா, அம்மா கூப்புடட்டும், அது வரைக்கும் போவாதீங்க"ன்னு. இத்துனூண்டுப் புள்ளை எனக்குச் சொல்லுது.

ஏட்டுகிட்டப் போயிச் சண்டை போட்டேன். என்னங்க பழக்குனீங்க, விடற வார்த்தை வேலையே செய்யலை, புருசன் செத்திருப்பேன்னு. மனுசன் என் கையப் பாத்தாரு, கட்டப் பிரிக்காமயே சுத்திச் சுத்திப் பாத்தாரு. "முழு வாய்ப் பிடி"ன்னாரு. சந்தோசமாச் சொன்ன மாதிரி இருந்துச்சு எனக்கு. அப்பறந்தான் சொல்றாரு.

"நீங்க போனப்புறம் அந்தம்மா குட்டியைத் தூக்கிட்டு வந்துச்சு தம்பி. பயந்து செத்த குட்டி. மூணு மாசம் ஒண்ணுமே செய்யல நாங்க. துணிய வெச்சு வெளையாட்டு, ஒவ்வொரு தடவையும் குட்டி ஜெயிக்கும். அந்தம்மா கைதட்டும். பல்லு முளைச்சு, பயம் தெளிஞ்சு, அப்புறமாத்தான் பாடம். வார்த்தைய மாத்திரலாம்மா, இது உங்க வீட்டுக்காரரு வெச்சது, குட்டிக்குக் கெட்ட ஞாபகம் இருக்கும்னேன். கடிக்கிற வார்த்தை இருக்கட்டும் ஏட்டையா, அது எனக்கு நல்லா வாயில வந்துருச்சு, விடுற வார்த்தைய மட்டும் மாத்திக்கிறேன்னுச்சு."

எதுக்கு மாத்துனா? சரிங்கங்கறதுல என்ன கொறை? நல்ல வார்த்தைதானுங்களே? ஏட்டுகிட்டக் கேட்டேன். "அதை நீங்கதான் கேக்கணும் தம்பி"ன்னுட்டு அவரு பாட்டுக்கு நாய்க்குத் தண்ணி வெக்கப் போயிட்டாரு. நாய் என்னைய மறக்காமத் திருடன்னே நெனச்சுருச்சு, வீட்டாளு வேசம் போட்டதால வந்த வெனை, இதான் காரணம்னு நான் சொல்றேன். அந்தத் துண்டு கட்டுன மூஞ்சி அதுக்கு மனசுல பதிஞ்சிருச்சு. அவரு இல்லைங்கறாரு. "வந்த அன்னிக்கு உங்களை மோந்து பாத்து உள்ள விட்டுச்சுல்ல? நாலு நாள் ஒண்ணும் செய்யலைல்ல? நாய்க்கு யாரையும் மூஞ்சி வெச்சுத் திருடன்னு சொல்லிக்குடுக்கல தம்பி"ங்கறாரு. என்னமோ புதிர் போடறாரு.

அத விடுங்க. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியோணும். நீங்க வெளியாளு, நீங்க சொல்லுங்க. அன்னிக்கு அவ போதும்னு சொன்னாளே, அது நாய்க்குச் சொன்னதா, எனக்குச் சொன்னதா? நாய்க்குச் சொன்னதுன்னா ஒண்ணுமில்லீங்க, ஏதோ பதட்டத்துல வாய் தவறிருச்சுன்னு விட்டுரலாம். வித்துட்டு வேற நாய் வாங்கிக்கலாம். எனக்குச் சொன்னதுன்னா... என்னங்க பேச மாட்டேங்கறீங்க? காலு வலிக்குதுங்களா?

ரெண்டாவது ஊசி போட்ட அன்னிக்கு மனசு கேக்காம இங்கிருந்து நேரா வீட்டுக்குத்தான் போனேன். காத்தால பத்து மணி இருக்கும். கேட்டுக்கிட்ட நின்னேன். நாய் வந்துச்சு. கொரைக்கலை, உறுமலை. கேட்டுக்கு உள்பக்கமா வந்து உக்காந்துக்குச்சு. வாலுகூட ஒரு தடவை ஆட்டுச்சுங்க, சத்தியமா. அதுக்கு என் மேல ஒண்ணுமில்ல. பூங்கோதை ஈரக் கையத் தொடச்சுட்டே வந்து வாசல்ல நின்னா. கேட்டுல பூட்டு இல்ல, கொண்டி மட்டுந்தான். என் வீடு, என் கேட்டு. இடது கையால தூக்குனா தெறந்துக்கும். என்னால தூக்க முடியலீங்க.

"உள்ள வரட்டுமா?"ன்னு கேட்டேன். என் வீட்டுக்குள்ள வர நான் கேட்டு நின்னேன் பாத்துக்கங்க.

நாய் திரும்பி அவளப் பாத்துச்சு. நானும் பாத்தேன். நானும் அந்த நாயும் ரெண்டு பேருமே அவ வாயையே பாத்துட்டு நிக்கறோம், என்ன வார்த்தை வருமோன்னு. வெய்யிலு ஏறுது. சரிங்கன்னு ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தாப் போதுமுங்க எனக்கு. அவ ஒண்ணுமே சொல்லலை. சித்த நேரம் நின்னா, அப்பறம் அடுப்புல ஏதோ வெச்சிருந்தா போல, உள்ள போயிட்டா. நாய் எந்திரிக்கலை. நானும் இன்னும் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன்.

ஆவணியில வண்டி கெளம்பிரும். நாலாவது ஊசி அதுக்குள்ள வந்துரும். அதுக்குள்ள அவ ஏதாச்சும் ஒரு வார்த்தை சொல்லுவாளுங்களா? உங்க ஊட்டம்மா இருந்தா கேட்டுச் சொல்லுங்க, பொம்பளைங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். ஒருவேளை நீங்க பால் ஊத்தற பக்கம் எங்க தோட்டம் இருந்தா...

இருங்க, என் பேரத்தான் கூப்புடறாங்க. சிஸ்டர், நாந்தானுங்க அர்த்தநாரி, இந்தா இங்க இருக்கேன், கை தூக்கிட்டு இருக்கறனே, தெரியலீங்களா? என்னங்க? கைய எறக்கிட்டு உள்ள வரோணுமா?

சரிங்க. சரிங்க சிஸ்டர்.